செம்புக்கம்பி கோத்த மீன்

வலையின் மேற்குக் கயிற்றைத் திம்மப்பன் பிடித்திருந்தான். கிழக்குக் கயிறு சென்றாயன் கையில் இருந்தது. நடுவில் நாலு பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அடிக்கயிறு பாறையில் மாட்டாதபடி காலால் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"மெதுவாணா, மெதுவா. அடியைத் தூக்காதீங்க. தூக்கனா எல்லாம் கீழ பூந்து ஓடிடும்" என்று சென்றாயன் அந்தக் கரையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தான். ஆறு பேரில் மீன் பிடித்துப் பிழைக்கிறவன் அவன் ஒருவன்தான். வலையும் அவனுடையது. மற்றவர்கள் மண்வெட்டி பிடித்தவர்கள், சூளையில் கல் சுமந்தவர்கள். திம்மப்பன் பத்து வருஷம் ஓசூரில் ஒரு ஃபவுண்டரியில் வார்ப்புக்குப் பிசிறு தட்டியவன். போன வருஷம் ஒரு வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்கினார்கள். சம்பள உயர்வுக்கு என்றார்கள். வேலையை அவனாகவே விட்டுப்போகிறான் என்று அதில் எழுதியிருந்ததாம். அதிலிருந்து காகிதம் வைத்திருக்கிற மனுஷன் எதிரே வந்தாலே அவன் ஒதுங்கிப் போய்விடுவான்.

இப்போதும் ஒரு காகிதக்காரர் கரையில் நின்றார். ரத்தினவேல் சார். மெட்ராஸிலிருந்து வந்தவர், மீன்களைப் படித்தவர். கெலமங்கலத்துக்கு மேற்கே மலையடி ஓடையில், ஆள் உயரப் பாறைக்கு மேலே இருக்கிறது இந்த முனியப்பன் மடுவு. கீழே இருந்து எந்த மீனும் பாறை ஏறி வர முடியாது. மடுவில் காலங்காலமாக இருப்பது சாமிக்கெண்டை. உள்ளங்கை நீளம், துடுப்பு நுனியில் குங்குமம் தொட்ட மாதிரி சிவப்பு. யாரும் பிடிக்க மாட்டார்கள். பொரி போட்டால் காலடிக்கே வரும். சாரிடம் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று இருந்தது. இந்த மீன் இனி நாலைந்து மடுவில்தான் பாக்கி என்றும், நடுவில் எவனோ ஜிலேபிக் கெண்டையைக் கொண்டுவந்து விட்டதால் அது முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்க்கிறது என்றும் முதல் நாளே சொன்னார். ஜிலேபி ஒன்று பாக்கியில்லாமல் எடுக்க வேண்டும். பதினைந்து நாள் கூலி வேலை. முடிந்ததும் ஒருத்தருக்கு மடுவுக் காவல். மாதச் சம்பளம், காக்கிச் சட்டை. திம்மப்பன் ராவும் பகலும் அந்தச் சட்டையை நினைத்துக்கொண்டிருந்தான்.

வலை கரை சேர்ந்தது. சாமிக்கெண்டையை ஈரக்கையால் எடுத்து நீல டிரம்மில் விட வேண்டும். ஜிலேபியைக் கூடையில் போட்டு, நிறுத்து, குழியில் கொட்டிச் சுண்ணாம்பு தூவ வேண்டும். குழி வேலை திம்மப்பனுடையது. மாரம்மா கூடை சுமந்தாள்.

"ஒரு கூடை குடுங்க சார்" என்றாள் அவள், ஏழு நாளாகக் கேட்கிற மாதிரியே. "கொழம்புக்கு ஆவும். எம்புள்ளைங்க மீனு தின்னு ஆறு மாசம் ஆவுது."

"அதெல்லாம் கூடாதும்மா. இன்னைக்கு ருசி கண்டா நாளைக்கு நீங்களே கொண்டாந்து விடுவீங்க."

"நானா? அரிசி வாங்கவே பஸ்ஸுக்குக் காசில்ல, மீனை டிக்கெட்டு வாங்கிக் கூட்டியாரப் போறனாக்கும்!"

ஆட்கள் சிரித்தார்கள். திம்மப்பனும் சிரித்துக்கொண்டே கூடையைக் குழியில் சாய்த்தான். அப்போதுதான் அதைப் பார்த்தான்.

ஒரு பெரிய ஜிலேபி. ஒரு கிலோ தேறும். வயசாகி, செதில் கறுத்து, வாய் கோணிப்போயிருந்தது. முதுகுத் துடுப்பின் அடியில் சதை புடைத்திருந்தது. சதைக்குள்ளிருந்து கம்பி முறுக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அங்கங்கே சிவப்பு வார்னிஷ் ஒட்டிய செம்புக்கம்பி.

உயிர் பிழைத்தால் மடுவுக்கு மீன் விடுகிறேன் என்று வேண்டிக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். விடும்போது துடுப்பில் செம்புக்கம்பி கோத்து முறுக்கிவிடுவார்கள். கம்பி கோத்த மீன் சாமியுடையது. கண்ணில் பட்டால் கும்பிட வேண்டும். யார் விட்டது என்று கேட்கக்கூடாது, தெரிந்தாலும் சொல்லக்கூடாது. சொன்னால் வேண்டுதல் கெட்டு, பிழைத்த உயிருக்கே ஆகாது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் திம்மப்பன் மகள் முனிலட்சுமிக்குப் பன்னிரண்டு வயசில் மஞ்சள் காமாலை. கண், நகம், மூத்திரம் எல்லாம் மஞ்சள். பிள்ளை எழுந்து நடந்த அன்றைக்கு ஃபவுண்டரியில் அரை நாள் லீவு கேட்டு, மண்ணெண்ணெய் டின்னோடு கிருஷ்ணகிரி அணைக்குப் பஸ் ஏறினான். அங்கே பரிசலில் இருந்தவன் இந்தச் சென்றாயன்தான். அப்போது அணையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தான்.

"சாமிக்குன்னா ஆத்துக்கெண்டையா உடுங்கணா. நாளைக்குக் காலையில வாங்க, புடிச்சு வெக்கறன்" என்றான்.

"நாளைக்கு எனக்கு லீவு கெடையாதுப்பா. ஆத்துக்கெண்டை பஸ்ஸுல ராயக்கோட்டை தாண்டறதுக்குள்ள செத்துப்போவுது. இது டின்னுலயும் துள்ளிக்கினு இருக்குதே, இதையே குடு."

"இது பொல்லாத மீனுணா."

"மீனுல என்னப்பா பொல்லாதது?"

சாமிக்கு என்றதால் சென்றாயன் காசு வாங்கவில்லை. ஏழு ஜிலேபி. ஏழும் உயிரோடு வந்து சேர்ந்தன. ஃபவுண்டரி குப்பையில் பொறுக்கிய மோட்டார் கம்பியை ஏழுக்கும் கோத்து விட்டான். அந்தச் சிவப்புக் கம்பி ஊருக்கே தெரியும். அவன் வீட்டுப் படலைக் கட்டியிருப்பது அது. ஆட்டுக்கொட்டகைக் கதவைக் கட்டியிருப்பது அது. வேறு எவன் வீட்டிலும் அது கிடையாது.

திம்மப்பன் குழிக்குள் இறங்கினான். முதுகை மற்றவர்களுக்குக் காட்டி உட்கார்ந்து கம்பியைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. சதை மூடி வளர்ந்திருந்தது. கட்டைவிரல் நகத்தால் சதையைக் கிழித்து முறுக்கைப் பிரித்தான். மீன் இன்னும் சாகவில்லை. ஒருதரம் உதறி, முள்ளால் அவன் கையைக் குத்தியது. கம்பியை அரைஞாண் கயிற்றோடு சேர்த்து முடிந்துகொண்டு, மேலே இரண்டு கை சுண்ணாம்பு தூவினான். எழுந்து திரும்பியபோது அக்கரையில் வலை அலசிக்கொண்டிருந்த சென்றாயன் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையைக் குனிந்து வலையில் மாட்டிய தழையை எடுக்க ஆரம்பித்தான்.

மத்தியானம் புங்க மரத்தடியில் எல்லாரும் களிக்கு உட்கார்ந்தபோது பஞ்சாயத்துத் தலைவர் சென்னப்பன் புல்லட்டில் வந்து இறங்கினார். மடுவை ஒட்டி இருப்பது அவருடைய நிலம். மடுவில் இறக்கியிருக்கிற இரும்புக் குழாயும் கரையில் ஓடுகிற மோட்டாரும் அவருடையவை. சாருக்கு இளநீர் வெட்டச் சொன்னார்.

"எல்லாம் சரிங்க தலைவரே. இந்த மீன் எப்படி இங்க வந்துச்சுன்னு ரிப்போர்ட்டுல எழுதணும். அதுதான் தெரிய மாட்டேங்குது" என்றார் சார்.

"இதுல தெரியறதுக்கு இன்னா இருக்குது?" தலைவர் சென்றாயன் பக்கம் தாடையைக் காட்டினார். "அணையில இருந்தவன் இவன். நாலு வருசம் முன்ன பொண்டாட்டியைக் கூட்டிக்கினு வந்து ஓடைக்கரையில குடிசை போட்டான். அப்புறந்தான் இந்த மீனே கண்ணுல பட்டுது. கள்ளத்தனமா வளத்து சந்தையில விக்கறதுக்குக் கொண்டாந்து உட்டிருக்கறான். குடிசையைப் பிரின்னு நான் ஒரு வருசமா சொல்லிக்கினு இருக்கறன்."

குடிசை இருக்கிற இடத்தில்தான் தலைவர் இரண்டாவது மோட்டார் வைக்கப் பார்க்கிறார் என்பது அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் களியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சென்றாயன் கையைக் கழுவிவிட்டு எழுந்து நின்றான். "நான் உடல சார். கீழ ஏரியில, ஓடையில புடிக்கறன். இந்த மடுவுல வலை போட்டதே உங்க வேலைக்குத்தான்."

"அப்ப யாரு விட்டாங்க?"

சென்றாயன் குழி இருந்த பக்கம் ஒருதரம் பார்த்தான். திம்மப்பன் கையில் எடுத்த களியைத் திரும்பத் தட்டில் வைத்தான்.

"யாராச்சும் வேண்டுதலுக்கு உட்டிருப்பாங்க சார்."

"அணை மீனை எவன்டா சாமிக்கு உடுவான்?" என்றார் தலைவர்.

"அவசரத்துக்கு உட்டிருப்பாங்க. வேண்டுதல் மீனுன்னா செம்புக்கம்பி இருக்கும் சார். குழியில பாருங்க. ஒரு மீனுல கம்பி இருந்தாப் போதும், நான் உடலைன்னு தெரிஞ்சிடும். யாரு பேரையும் நான் கேக்கல. கம்பியை மட்டும் பாருங்க."

சார் யோசித்தார். "நியாயந்தான். குழி யாரு பாக்கறது? திம்மப்பன், நீங்கதானே? கம்பி கோத்த மீன் ஏதாவது பாத்தீங்களா?"

இடுப்பில் கம்பி முனை குத்திக்கொண்டிருந்தது. எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். சென்றாயன் மட்டும் பார்க்கவில்லை. மடுவைப் பார்த்தபடி நின்றான். சாமி மடுவைக் கெடுத்தவன் என்று ஊர் சொல்லும். காக்கிச் சட்டை போகும். பிள்ளைத்தாய்ச்சியாக வீட்டில் இருக்கிற மகளுக்கு என்ன ஆகுமோ. இதெல்லாம் ஒன்றுக்குப்பின் ஒன்றாகத் திம்மப்பனுக்குத் தோன்றியதா, இல்லை பிறகு அவனாகச் சேர்த்துக்கொண்டதா, அவனுக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

"இல்ல சார். ஏழு நாளா நான்தான் கொட்டறன். அப்படி ஒண்ணும் இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நல்லாப் பாத்தன் சார்."

சென்றாயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வலை காய்கிற இடத்துக்குப் போனான்.

சாயங்காலம் வீட்டில் அவன் பெண்டாட்டி செல்லி அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். "சென்றாயன் பொண்டாட்டி நாராயணம்மா வந்துட்டுப் போனா" என்றாள்.

"இன்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. வாசல்ல நின்னா. படல்ல கட்டியிருக்கற கம்பியைப் பாத்துக்கினே நின்னா. அப்புறம், 'அண்ணனை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுக்கா'ன்னா. அவ்ளோதான்." செல்லி குரலைத் தாழ்த்தினாள். உள்ளே முனிலட்சுமி படுத்திருந்தாள். "நம்ம மீனு வந்துச்சா?"

"வரல."

"ஏங்க, என்கிட்டயுமா?"

"வரலைன்னு சொல்றன் இல்ல? சும்மனே இரு." எழுந்து வெளியே போய்ப் படலின் கம்பிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். கொட்டகைக் கதவிலும் அவிழ்த்தான். அவிழ்த்த இடத்தில் கற்றாழை நாரைக் கட்டினான். செல்லி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர, நார் எடுத்துக் கொடுக்கவில்லை.

மறுநாள் சார் தாளோடு வந்தார். சென்றாயன்தான் ஜிலேபியைக் கொண்டுவந்து விட்டது என்று சாட்சிக்கு ஐந்து பேர் கையெழுத்து வேண்டும் என்றார் தலைவர். சாருக்கு முகம் அவ்வளவு சரியில்லை. "இது ரிப்போர்ட்டுக்குத்தான், போலீஸுக்கெல்லாம் போகாது" என்று இரண்டு தரம் சொன்னார். திம்மப்பன் மூன்றாவதாகக் கைநாட்டு வைத்தான். இந்த முறை தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

வேலை முடிந்த பதினைந்தாம் நாள் சென்றாயன் குடிசையைப் பிரித்தான். இழுவலை தலைவர் உத்தரவில் மடுவுக் கொட்டகையில் நின்றுவிட்டது. மடுவைக் கெடுத்ததற்குப் பஞ்சாயத்து போட்ட அபராதத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். கட்ட அவனிடம் என்ன இருக்கிறது. கூரை ஓலையையும் இரண்டு சட்டியையும் மாட்டுவண்டியில் ஏற்றினான். நாராயணம்மா ஏறி உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வண்டி திம்மப்பன் நின்ற வழியாகத்தான் போக வேண்டும். ஒதுங்க இடமில்லை. ஒரு பக்கம் முள்வேலி, ஒரு பக்கம் ஓடை.

சென்றாயன் வண்டியை நிறுத்தவில்லை. பக்கத்தில் நடந்து வந்தவன், தாண்டும்போது கேட்டான்.

"பொண்ணு நல்லா இருக்குதாணா?"

திம்மப்பன் தலையை ஆட்டினான்.

"நல்லா இருக்கட்டும்" என்றான் சென்றாயன். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. அப்படி இருந்திருந்தால் திம்மப்பன் அன்றைக்குச் சோறு தின்றிருப்பான்.

காக்கிச் சட்டை வந்தது. தோளில் தொளதொள என்று தொங்கியது. விசில் ஒன்றும் கொடுத்தார்கள். முனிலட்சுமிக்கு ஐப்பசியில் சுகப்பிரசவம், பெண் குழந்தை. முப்பது நாள் கழித்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, குழந்தையோடு மடுவுக்கு வந்து பொரி போட்டாள். "நமக்கு வேண்டிக்கிட்ட மீனு எதுப்பா?" என்று கேட்டாள். அவன் பாறைப் பக்கம் எங்கேயோ கையைக் காட்டினான். அவள் அந்தத் திசையில் குழந்தையின் கையைக் கூப்பிவைத்துக் கும்பிட்டாள்.

அரைஞாணில் கம்பி அப்படியே இருந்தது. மடுவில் எறியப் பயம். வீட்டில் வைக்கப் பயம். குளிக்கும்போதும் துண்டு கட்டியே குளித்தான்.

மாசி மாதம் சார் ஜீப்பில் வந்தார். ஜிலேபி மிச்சம் இருக்கிறதா என்று ஒருதரம் வலை இழுத்துப் பார்க்க வேண்டும். பழைய ஆட்களையே கூப்பிட்டிருந்தார்கள். மடுவில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. சென்றாயன் குடிசை இருந்த இடத்தில் சிமெண்டு மேடை போட்டு, தலைவரின் இரண்டாவது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு குழாயும் அவருடைய முட்டைக்கோசுத் தோட்டத்துக்குப் போயின. ஓரத்துச் சேற்றில் சாமிக்கெண்டை மூன்று காய்ந்து கிடந்ததைக் காக்கைகள் கொத்தின. சார் குழாயைப் பார்த்தார். "இது தினம் ஓடுதா?" என்றார். "கோசு நட்டிருக்கறாரு சார்" என்றான் திம்மப்பன். சார் பேனாவைத் திறந்து, எதுவும் எழுதாமல் மூடினார்.

கொட்டகையில் கிடந்த வலையைப் பிரித்தபோது நடுவில் ஒரு முழத்துக்கு எலி கடித்திருந்தது. எடுத்து முடைய அங்கே ஒருவனுக்கும் தெரியாது. சென்றாயன் மூங்கில் ஊசியால் கண்மூடித் திறப்பதற்குள் முடைந்துவிடுவான். ஆனால் அவன் பெயரை யாரும் எடுக்கவில்லை.

"நேரமாவுது. எதையாச்சும் வச்சுக் கட்டுங்கப்பா" என்றார் சார். திம்மப்பன் குனிந்து வலையை இழுத்துக்கொண்டிருந்தான். காக்கிச் சட்டை மேலே ஏறியிருந்தது. "அதோ, இடுப்புல கம்பி வச்சிருக்கீங்களே திம்மப்பன். அதை எடுங்க."

அவன் சட்டையை இழுத்துவிட்டான். "இது... இது வேற சார்."

"கம்பிதானே? புதுசு வேணும்னா நான் வாங்கித் தரேன். எடுங்க."

எடுத்தான். கிழிசலை இழுத்துச் சேர்த்துக் கட்ட வெகு நேரம் ஆனது. முறுக்கின முனையை உள்பக்கம் மடக்க மறந்துவிட்டான்.

வலை தண்ணீரில் இறங்கியது. கிழக்குக் கயிறு திம்மப்பன் கையில். "மெதுவா... அடியைத் தூக்காதீங்க" என்றான். சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று உறைத்தது. வாயை மூடிக்கொண்டு இழுத்தான்.

ஜிலேபி ஒன்றுகூட இல்லை. சாமிக்கெண்டை பதினொன்று, ஒட்டிய வயிற்றோடு கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சார் சந்தோஷமாகத் தாளில் குறித்துக்கொண்டார். மாரம்மா டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்தவள் சட்டென்று கீழே வைத்தாள்.

"அய்யோ சாமி, கம்பி கோத்த மீனு!"

ஒரு சாமிக்கெண்டை கிழிசலில் முட்டி, கம்பி முனை செவுளில் ஏறி மாட்டிக்கொண்டிருந்தது. மாரம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக் கும்பிட்டாள். மற்ற ஆட்களும் கும்பிட்டார்கள்.

பிறகு அவள் மீனை விடுவிக்கக் குனிந்தாள். செவுளிலிருந்து கம்பியை மெதுவாக உருவினாள். விரலால் துடைத்தாள். வார்னிஷ் சிவப்பாகத் தெரிந்தது. வலையைப் பார்த்தாள். திம்மப்பன் இடுப்பைப் பார்த்தாள். குழி இருந்த பக்கம், அதற்கப்பால் சிமெண்டு மேடையைப் பார்த்தாள். மீனை இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீரில் விட்டாள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்து, மோட்டார் குழாய் இழுக்கிற பக்கமாக மெல்லப் போய்க்கொண்டிருந்தது.